கார் கதவு லாக் மோட்டாரை நாமே மாற்றுவது: கடலூர், பாண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். 11 வருடம் ஓடிய எங்கள் வீட்டுக் காரில் இதுவரை மூன்று கதவுகளுக்கு லாக் வேலை நானே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு கதவில் ஆக்சுவேட்டர் போகவே இல்லை, வயர்தான் அறுந்திருந்தது. புது ஆக்சுவேட்டர் வாங்கி மாட்டிய பிறகுதான் அது தெரிந்தது. அந்தச் செலவு வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் கடலூரிலும் பாண்டியிலும் இருக்கிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டவை.

ஆக்சுவேட்டர் என்றால் என்ன? மெக்கானிக் ‘லாக் மோட்டார்’ என்கிறாரே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ரிமோட்டை அழுத்தினால் கதவுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அதைச் செய்வது இதுதான். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், அதன் முனையில் திருகு போன்ற ஒரு பல்சக்கரம், அது சுழற்றும் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் பூட்டும், மறுபக்கம் சுற்றினால் திறக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது குழம்பக்கூடாது. பழைய கார்களிலும், வெளியே கடையில் சென்ட்ரல் லாக் போட்ட கார்களிலும் ஆக்சுவேட்டர் தனியாக இருக்கும். துப்பாக்கி போல நீண்டிருப்பதால் ‘கன் டைப்’ என்பார்கள். கொஞ்சம் புதிய கார்களில் கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதை லாட்ச் அசெம்பிளி என்பார்கள். கீழே நான் அதிகம் சொல்லப்போவது இந்த இரண்டாவது வகை பற்றி.

ரிமோட் அழுத்தினால் எந்தக் கதவும் பூட்டவில்லை. நாலு ஆக்சுவேட்டரும் போய்விட்டதா?

இல்லை. நாலும் ஒரே நாளில் போகாது. உள்ளே டிரைவர் பக்கம் இருக்கிற லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதில் எல்லாக் கதவும் பூட்டினால் ரிமோட்டில்தான் பழுது, அநேகமாக பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான ரிமோட்டில் சி.ஆர்.2032 அல்லது சி.ஆர்.2016 பட்டன் செல்தான் இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பழைய செல்லைக் கழற்றி அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து அதே எண் வாங்குங்கள்.

பட்டனிலும் பூட்டவில்லை என்றால் ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ எது சென்ட்ரல் லாக் ஃபியூஸ் என்று படம் போட்டிருக்கும். போனதை எடுத்துவிட்டு அதே ஆம்பியர் போடுங்கள். பெரியது போட்டால் ஃபியூஸ் போகாது, வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போகிறதென்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது, நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

ஒரே ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை. அப்போது ஆக்சுவேட்டர்தானே?

வாய்ப்பு அதிகம், ஆனால் இன்னும் உறுதி இல்லை. அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு வேறொருவரை ரிமோட் அழுத்தச் சொல்லுங்கள். ‘கர்ர்ர்’ என்று சத்தம் வந்து லாக் அசையவில்லை என்றால் மோட்டார் சுற்றுகிறது, பிளாஸ்டிக் பல் தேய்ந்துவிட்டது. அது ஆக்சுவேட்டர் பழுதுதான், சந்தேகமே வேண்டாம். பாதி தூரம் போய் நிற்பது, நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை பூட்டுவது, பூட்டிய மறு நொடியே தானாகத் திறந்துகொள்வது, இவையெல்லாம் மோட்டார் தளர்ந்துபோனதன் அடையாளம்.

சத்தமே வரவில்லை என்றால்தான் கவனம் தேவை. மோட்டார் செத்திருக்கலாம், அல்லது மோட்டாருக்கு மின்சாரமே வராமல் இருக்கலாம். அதே கதவின் பவர் விண்டோவும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் முதல் சந்தேகம் வயரின் மேல்.

காலையில் ஒழுங்காகப் பூட்டுகிறது. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பூட்டுவதில்லை. ஏன்?

இதுவும் மோட்டார் தளர்ந்ததன் அடையாளம்தான். சூட்டில் மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருளின் மின்தடை கூடும், அதனால் விசை குறையும். புது மோட்டார் அதைச் சமாளித்துவிடும். உள்ளே பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னத் துண்டு) தேய்ந்த மோட்டாரால் முடியாது. சில மோட்டார்களுக்குள், அதிகச் சூடானால் மின்சாரத்தைக் குறைக்கும் சின்னத் தட்டு ஒன்றும் இருக்கிறது. அது பழுதானாலும் இதே கதைதான். அக்னி நட்சத்திரத்தில் ஆரம்பித்த இந்தத் தொல்லை ஐப்பசி மழையில் காணாமல் போகும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த கோடையில் முழுதாக நின்றுவிடும்.

நம் ஊர் கடற்கரை. அதனால்தான் லாக் சீக்கிரம் போகிறதா?

மோட்டாரின் பிளாஸ்டிக் பல் தேய்வதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனை முறை பூட்டித் திறக்கிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். ஆனால் மற்ற பலவற்றுக்கும் உப்புக்காற்று காரணம். தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ இரவெல்லாம் வெளியில் நிற்கும் காரின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் தெரியும். வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரின் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். கைப்பிடியையும் லாட்சையும் இணைக்கும் கம்பிகளில் துரு. லாட்சில் இருந்த கிரீஸ் காய்ந்து, காற்றில் வந்த மணலோடு கலந்து மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இறுக்கத்தை எதிர்த்து ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளித்தான் மோட்டார் களைத்துப்போகிறது.

இன்னொன்று தண்ணீர். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, கண்ணாடியின் ஓரமாக இறங்கி கீழே இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். அந்த ஓட்டைகள் மண்ணால் அடைந்தால் கதவுக்குள்ளேயே தேங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது கதவின் பாதி உயரம் வரை முழுகிய கார்களில் லாக் உடனே போகாவிட்டாலும் துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு குச்சியால் கதவின் அடி ஓட்டைகளைக் குத்தி விடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

சரி, ஆக்சுவேட்டரா வயரா என்று எப்படி உறுதி செய்வது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். பார்ட் வாங்குவது இதற்கு அப்புறம்தான்.

கதவைத் திறந்தால், கதவுக்கும் வண்டிக்கும் நடுவே கீல் பக்கம் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். அதற்குள்தான் கதவின் எல்லா வயர்களும் போகின்றன. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்த வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. வருடக்கணக்கில் வளைந்து மேலுறை வெடிக்கும், பிறகு செம்பு அறும். மேலுறை மட்டும் ஒட்டிக்கொண்டு உள்ளே செம்பு அறுந்திருக்கும் வயரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு நடந்தது அதுதான்.

ஒருவரை ரிமோட் அழுத்தச் சொல்லிக்கொண்டே அந்த ரப்பரை மெல்ல அப்படியும் இப்படியும் வளையுங்கள், இழுக்கவும் செய்யுங்கள். இடையில் எப்போதாவது லாக் வேலை செய்தால் பழுது அங்கேதான். ரப்பரைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வயரையும் விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர் பேண்ட் போல நீளும்.

அடுத்து டெஸ்ட் லாம்ப். டோர் பேடை, அதாவது கதவின் உட்புறப் பலகையை, கழற்றி (எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஆக்சுவேட்டரின் கப்ளரைப் பிரித்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களுக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரிமோட் அழுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும். மல்டிமீட்டர் அதைச் சில நேரம் தவறவிடும், பல்பு தவறவிடாது, பளிச்சென்று ஒரு முறை மின்னும். எல்.இ.டி. பல்பு வேண்டாம். பூட்டும்போது ஒரு திசையிலும் திறக்கும்போது எதிர்த் திசையிலும் மின்சாரம் வருவதால் எல்.இ.டி. ஒன்றுக்கு மட்டும்தான் எரியும், நீங்கள் குழம்பிப்போவீர்கள். சாதாரண இழை பல்பு இரண்டுக்கும் எரியும்.

பல்பு மின்னினால் வயர் நன்றாக இருக்கிறது, ஆக்சுவேட்டர் போய்விட்டது. மின்னவில்லை என்றால் ஆக்சுவேட்டர் மேல் பழி போடாதீர்கள், வயரைத் தேடுங்கள். லாட்ச் கப்ளரில் ஐந்தாறு வயர்கள் இருந்தால் அதில் இரண்டு மட்டும்தான் மோட்டாருக்கு. மற்றவை கதவு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்சுகளுக்கு உரியவை. மோட்டார் வயர்கள் பொதுவாக மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது. அது நம் ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூடுகாட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். பற்றவைத்த இடம் கடினமாகிவிடும் என்பதால் அது வளையும் இடத்தில் வரக்கூடாது. புது வயரைக் கொஞ்சம் நீளமாக எடுத்து, ஒரு இணைப்பு கதவுக்குள்ளும் மறு இணைப்பு கதவு மாட்டியிருக்கும் தூணுக்குள்ளும் வருமாறு வையுங்கள். நடுவில் வளைவது முழு வயராக இருக்க வேண்டும்.

பின் கதவு உள்ளே இருந்து திறக்கவில்லை, வெளியே இருந்து திறக்கிறது. ஆக்சுவேட்டரா?

இல்லை, குழந்தைகள் உள்ளே இருந்து திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக். பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தில் சின்ன நெம்புகோலோ சாவியால் திருப்பும் துளையோ இருக்கிறதா பாருங்கள், அதை மாற்றிப் போடுங்கள். யாராவது கார் கழுவும்போது கை பட்டிருக்கும்.

என்ன பார்ட் வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

முதலில் எந்தக் கதவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. நாலும் வேறு வேறு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தாலும் கப்ளரில் முனைகளின் எண்ணிக்கை மாறலாம். ஒரே மாடலில் சாதா வேரியன்டுக்கும் டாப் வேரியன்டுக்கும் கூட மாறும். ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தால் சரியான பார்ட் எண்ணை எடுத்துத் தருவார்கள். முடிந்தால் பழைய லாட்சைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடலூரில் கிடைக்காத கம்பெனி பார்ட் பாண்டியில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஆர்டர் போட்டு வரவழைப்பார்கள். கன் டைப் என்றால் காருக்கு ஸ்டீரியோ, சீட் கவர் போடும் எந்தக் கடையிலும் இருக்கும், விலை சில நூறு ரூபாய்தான். கம்பெனி லாட்ச் அசெம்பிளி ஆயிரக்கணக்கில் வரும், காரைப் பொறுத்து மாறும்.

சிலர் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய லாட்ச் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் வெள்ளத்தில் முழுகிய வண்டியின் பார்ட் உங்கள் கைக்கு வந்துவிடக்கூடாது. லாட்சின் சந்துகளில் காய்ந்த சேறு படிந்திருந்தாலோ திருகுகளின் தலையில் செம்மண் நிறத் துரு இருந்தாலோ விட்டுவிடுங்கள். கடையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரப்பரும் பிளாஸ்டிக்கும் உங்கள் காருக்கு எத்தனை வயதோ அத்தனை வயது. அதனால் டோர் பேட் கிளிப் ஐந்தாறும், கம்பியைப் பிடிக்கும் கிளிப் இரண்டு மூன்றும் சேர்த்து வாங்கி வையுங்கள். கழற்றும்போது உடையும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஸ்டார் திருப்புளி (கூட்டல் குறி போன்ற முனை) சிறிதும் பெரிதும், 10 மி.மீ. சாக்கெட், பிளாஸ்டிக் நெம்புகோல், டார்ச் லைட், கையுறை. லாட்சைப் பிடிக்கும் திருகுகள் சில கார்களில் பெரிய ஸ்டார், சிலவற்றில் ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் டி30. அந்தத் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் பிட் இல்லாமல் மட்டும் வேலையைத் தொடங்காதீர்கள்.

பேட்டரி வயரைக் கழற்ற வேண்டுமா?

டெஸ்ட் எல்லாம் முடிந்து கழற்றத் தொடங்கும்போது நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி குறுக்கே நின்று கை நுழையாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அதன் கப்ளரைப் பிரித்த நிலையில் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும். வேலை முடித்துப் பேட்டரியை மாட்டிய பிறகு, தானாக ஏறும் கண்ணாடி அப்படி ஏறாமல் போகலாம். பட்டனைப் பிடித்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, மேலும் சில நொடி பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும்.

கழற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

காருக்குக் கார் கொஞ்சம் மாறும், ஆனால் ஓட்டம் ஒன்றுதான்.

கைப்பிடிக் குழிக்குள் ஒரு திருகு இருக்கும். பல நேரம் அதன் மேல் சின்ன மூடி இருக்கும், அதை நகத்தால் கிளப்பலாம். கதவு திறக்கும் உள் கைப்பிடிக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டையும் எடுத்த பிறகு டோர் பேடின் கீழ் மூலையில் நெம்புகோலை விட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளப்புங்கள். தூரத்தில் பிடித்து இழுத்தால் பேட் உடையும். ‘டப் டப்’ என்று கிளிப்புகள் விடுபடும். சுற்றிலும் விட்டபின் பேடை முன்பக்கம் இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் அது கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். தூக்கியதும் விண்டோ சுவிட்ச் கப்ளரையும் உள் கைப்பிடி கேபிளையும் பிரித்து எடுத்து வையுங்கள். கையால் சுற்றும் கண்ணாடி என்றால் சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பி கிளிப் இருக்கும். பழைய துணி ஒன்றைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து இருபக்கமும் மாறி மாறி இழுத்தால் அது தெறித்து வரும். தெறிக்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்காவது போய் விழும்.

இப்போது ஒரு பாலித்தீன் ஷீட் கருப்புப் பசையோடு ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காதீர்கள். பசையைக் கத்தியால் மெல்ல நறுக்கிக்கொண்டே லாட்ச் இருக்கும் பக்கம் மட்டும் பிரித்தால் போதும்.

கையை உள்ளே விடும் முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தக் கம்பி எந்தத் துளையில், கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது இரண்டு மணி நேரம் கழித்து நினைவில் இருக்காது.

கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைக் கண்ணால் பார்த்துக் கழற்ற முடியாது, விரல் நுனிதான் கண். கம்பியின் மேல் ஒரு பக்கம் பிடித்திருக்கும் சின்ன இதழ் விரலில் தட்டுப்படும். அதைக் கம்பியிலிருந்து விலக்கிச் சுழற்றினால் ‘கிளிக்’ என்று விடும், பிறகு கம்பி தானாக வெளியே வரும். நேராக இழுத்தால் கிளிப்தான் உடையும். கதவின் உள் தகடு கத்தி மாதிரி கூர்மையானது. கையுறை போட்டால் கிளிப் தட்டுப்படாது என்பதால் பலர் கழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்வதென்றால் மணிக்கட்டுக்காவது துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கதவின் ஓரத்தில் லாட்சைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகள். இவை இறுகிக் கிடக்கும், நம் ஊரில் துருவும் சேர்ந்திருக்கும். பிட்டைத் திருகில் முழுக்கப் பொருத்தி, பின்னால் சுத்தியால் இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டு, முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே திருப்புங்கள். ஒரு முறை வழுக்கினாலும் நிறுத்திவிட்டுப் பிட் சரியா என்று பாருங்கள். தலை தேய்ந்துவிட்டால் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முன் கதவில் லாட்ச் வெளியே வர கண்ணாடி ஓடும் பின் வழிக்கம்பி தடுக்கலாம். அதன் 10 மி.மீ. போல்டைத் தளர்த்தி ஓரமாகத் தள்ளினால் இடம் கிடைக்கும். முதல் முறை செய்பவர்கள் முடிந்தால் பின் கதவில் கற்றுக்கொள்ளுங்கள். சாவித் துளைக் கம்பி அதில் இல்லை, வேலை பாதி.

புது லாட்ச் மாட்டிவிட்டேன். கதவைச் சாத்திப் பார்க்கலாமா?

சாத்தாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கைப்பிடிகளின் கம்பியும் கேபிளும் சரியாக மாட்டாமல் கதவைச் சாத்தினால் லாட்ச் பூட்டிக்கொள்ளும், உள்ளேயும் திறக்காது வெளியேயும் திறக்காது. அப்புறம் மூடிய கதவோடு மல்லுக்கட்டுவது ஒரு நாள் வேலை.

கதவு திறந்தே இருக்கட்டும். பேட்டரியை மாட்டுங்கள். லாட்சின் வாயில் இருக்கும் கொக்கியை ஒரு திருப்புளியால் தள்ளுங்கள், ‘டக் டக்’ என்று இரண்டு படியாக மூடும். கதவு சாத்தியிருக்கிறது என்று லாட்ச் இப்போது நம்புகிறது. ரிமோட்டில் பூட்டுங்கள். வெளிக் கைப்பிடியை இழுங்கள், கொக்கி திறக்கக்கூடாது. ரிமோட்டில் திறங்கள். கைப்பிடியை இழுங்கள், கொக்கி ‘படக்’ என்று விடுபட வேண்டும். அதேபோல் உள் கைப்பிடி, டிரைவர் கதவென்றால் சாவி, பின் கதவென்றால் சைல்டு லாக். ஒவ்வொன்றையும் பத்து முறை பாருங்கள். கொக்கியை மூடிய நிலையிலேயே மறந்து விட்டுக் கதவைச் சாத்தினால் கதவு இடித்துத் திரும்பும், பெயின்ட் போகும். கடைசியில் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைத் திறந்து வையுங்கள்.

கைப்பிடியை இழுக்கும்போது ஆரம்பத்தில் ஒரு நூல் அளவு தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டினால் கொக்கி பாதியில் நிற்கும், ஓடும்போது கதவு குலுங்கும்.

பாலித்தீன் ஷீட் கிழிந்துவிட்டது. அது இல்லாமல் பேடை மாட்டினால் என்ன?

கார்த்திகை மாதம் கால்மிதிக்கு அடியில் கார்ப்பெட் ஊறிக் கிடக்கும், வண்டிக்குள் ஈர நாற்றம் வரும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட் மட்டும்தான். கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீனை அதே அளவில் வெட்டி ஒட்டுங்கள். பழைய பசை காய்ந்திருந்தால் கருப்பு பியூட்டில் டேப் வாங்கிச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். கீழ் ஓரம் முக்கியம். செலோ டேப்பும் ஃபெவிகாலும் ஈரத்தில் நிற்காது.

மூடிய கதவு திறக்கவே இல்லை. இப்போது என்ன செய்வது?

உள் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வேறொருவரை ரிமோட்டில் திறக்கச் சொல்லுங்கள், கூடவே கதவின் லாட்ச் பக்கத்தை உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். இறுகிய மோட்டார் சில நேரம் அந்த அதிர்வில் கடைசியாக ஒரு முறை வேலை செய்யும். திறந்துவிட்டால் அன்றே வேலையை முடியுங்கள், மறுபடி சாத்தாதீர்கள். திறக்கவில்லை என்றால் உள்ளே உட்கார்ந்து பேடைக் கிளப்பி, சந்து வழியாக லாக் கம்பியைத் தள்ள வேண்டும். பேட் உடையாமல் இதைச் செய்ய அனுபவம் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கன் டைப் ஆக்சுவேட்டர் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் உள்ளது, மற்ற மூன்றுக்கும் இரண்டு வயர் உள்ளது. டிரைவர் கதவில் இரண்டு வயர் மாட்டினால் அந்தக் கதவைச் சாவியால் பூட்டும்போது மற்றவை பூட்டாது. ஆக்சுவேட்டர் தள்ளும் திசையும் லாக் கம்பி அசையும் திசையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், கோணலாக வைத்தால் சீக்கிரம் போகும். திருகு போடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஆக்சுவேட்டரில் இடிக்கிறதா என்று பாருங்கள். புதிதாகத் துளை போட்டால் அந்தத் துளையின் ஓரத்தில் ஒரு சொட்டு பெயின்ட் வையுங்கள். கடற்கரை ஊரில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பூட்ட அழுத்தினால் திறக்கிறது என்றால் இரண்டு மோட்டார் வயர்களை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

லாட்சைத் திறந்து மோட்டாரை மட்டும் மாற்றலாமா?

சிலவற்றில் முடியும். பெட்டி திருகோடு இருந்தால் திறக்கலாம், உருக்கி ஒட்டியிருந்தால் வெட்டித்தான் திறக்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் எப்போதும் தெறிக்கக் காத்திருக்கும். பழைய மோட்டாரின் அளவு, அச்சின் நீளம், பல்சக்கரம் மூன்றும் பொருந்தும் மோட்டார் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. பார்ட் கிடைக்காத பழைய காருக்கு இதுதான் வழி. மற்றவர்கள் அசெம்பிளியாகவே மாற்றுங்கள், வெட்டி ஒட்டிய பெட்டிக்குள் ஈரம் போகும்.

தேங்காய் எண்ணெய் விட்டால் லாக் சரியாகிறதே?

ஒரு வாரம் சரியாக இருக்கும். பிறகு பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 அழுக்கையும் துருவையும் கரைக்க நல்லது, ஆனால் அது கிரீஸ் அல்ல, ஆவியாகிப் போய்விடும். அதை அடித்துத் துடைத்த பிறகு கொக்கியில் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு வைத்து, திருப்புளியால் பத்து முறை மூடித் திறங்கள். சாவித் துளைக்குள் எண்ணெய் வேண்டாம், கிராஃபைட் தூள் போதும்.

ரிமோட் இருக்கும்போது சாவித் துளையை எதற்குக் கவனிக்க வேண்டும்?

பேட்டரி இறங்கிய அன்று அந்தத் துளை ஒன்றுதான் வழி. என் மாமா அரியாங்குப்பத்தில் இருக்கிறார். ஆறு வருடம் ரிமோட்டில் மட்டுமே திறந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பேட்டரி செத்துப்போய் சாவியைப் போட்டபோது துளை உப்பில் இறுகிக் கிடந்தது, சாவி வளைந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் மாதம் ஒரு நாள் சாவியால் பூட்டித் திறப்பது வழக்கம்.

பார்ட் வர நாலு நாள் ஆகுமாம். அதுவரை?

பழுதான ஆக்சுவேட்டரின் கப்ளரைப் பிரித்து விடுங்கள். அது பூட்டிப் பூட்டித் திறப்பதும், பேட்டரியைத் தின்பதும் நிற்கும். அந்த ஒரு கதவை உள்ளே இருக்கும் லாக் குமிழால் கையால் பூட்டிக்கொள்ளலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் கதவுப் பக்கம் உட்கார வைக்காதீர்கள். குழந்தையை உள்ளே விட்டு ஒரு நிமிடம் கூட நகராதீர்கள். லாக் தானாக விழுந்துவிட்டால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏற நேரமே எடுக்காது. அப்படி நடந்துவிட்டால் சாவிக்காக ஓடாதீர்கள், குழந்தை இருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கக் கதவுக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் முறை அரை நாள் ஒதுக்குங்கள். எனக்கு முதல் கதவுக்கு நாலு மணி நேரம் ஆனது, மூன்றாவது கதவுக்கு ஒன்றேகால் மணி. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மழை வரும்போல் இருந்தால் அன்று பேடைக் கழற்றாதீர்கள்.